‘ம்’ கொட்டிய பிள்ளைகள்

வீட்டில் ஒரு குழந்தைக்காகச் சொன்ன கதைகள் உலகம் படிக்கும் புத்தகங்களானது எப்படி?

1941. ஐரோப்பா முழுக்கப் போர். எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கி நின்ற ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமில், நிமோனியா காய்ச்சலோடு படுத்துக் கிடந்தாள் 7 வயது காரின். அவளுடைய அம்மாவுக்குத் தபால் தணிக்கைத் துறையில் வேலை. ஊரார் கடிதங்களைப் பிரித்துப் படித்துப் போரின் துயரங்களையெல்லாம் மனதில் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறவர். காய்ச்சல்காரப் பிள்ளை அவரை விடவில்லை. கதை சொல் என்றாள். எந்தக் கதை என்று அம்மா கேட்டார். “பிப்பி லாங்ஸ்ட்ரம்ப் கதை” என்றாள் காரின்.

அப்படி ஒரு கதையே அதுவரை கிடையாது. வாய்க்கு வந்த பெயரைக் குழந்தை சொல்லிவிட்டது. யார் அது, என்ன என்று அம்மா கேட்கவில்லை. பெயரே இவ்வளவு விசித்திரமாக இருக்கிறதே, பெண்ணும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அந்த நிமிடமே கதையைத் தொடங்கிவிட்டார். விறைத்து நிற்கும் சிவப்புச் சடை இரண்டு. ஒற்றைக் கையால் குதிரையைத் தூக்கும் பலம். பெட்டி நிறையத் தங்கக் காசு. கூட ஒரு குரங்கு. அம்மா அப்பா இல்லாமல் தனி வீட்டில் ராஜ்ஜியம் நடத்தும் 9 வயதுப் பெண். காய்ச்சல் இறங்கிய பிறகும் காரினும் அவள் தோழிகளும் கதையை விடவில்லை. அடுத்தது, அடுத்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

1944 மார்ச்சில் அந்த அம்மா பனியில் வழுக்கி விழுந்து கணுக்காலைப் பிசகிக்கொண்டார். சுருக்கெழுத்துப் பயின்றவர். படுத்த படுக்கையில் நேரம் போக வேண்டுமே என்று, வருஷக்கணக்கில் வாயால் சொல்லி வந்த கதைகளைச் சுருக்கெழுத்தில் குறித்தார். பிறகு தட்டச்சு செய்து, அதே ஆண்டு மே மாதம் மகளின் 10ஆவது பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுத்தார். பிரதி ஒன்றை ஒரு பெரிய பதிப்பகத்துக்கும் அனுப்பினார். அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறு ஆண்டு ராபென் அண்ட் ஷோகிரென் பதிப்பகம் நடத்திய போட்டியில் திருத்திய பிரதிக்கு முதல் பரிசு கிடைத்தது. 1945 நவம்பரில் புத்தகம் வந்தது. இன்று அது 70க்கும் அதிகமான மொழிகளில் இருக்கிறது. அந்த அம்மாவின் பெயர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென். அவர் 2002இல் மறைந்தபோது ஸ்வீடன் அரசு அவர் பெயரிலேயே சிறார் இலக்கியத்துக்கென்று ஒரு சர்வதேச விருதை நிறுவியது.

எழுத்தாளரை நாம் கொண்டாடுகிறோம், சரி. பெயரை வைத்தவள் அந்தக் காய்ச்சல்காரச் சிறுமி. 3 வருஷம் விடாமல் “அப்புறம்?” என்று கேட்டவளும் அவள்தான். குழந்தைகளுக்கான உலகப் புகழ்பெற்ற புத்தகங்கள் சிலவற்றின் பிறப்பைத் தேடிப் போனால், திரும்பத் திரும்ப இப்படி ஒரு பிள்ளைதான் எதிரே வந்து நிற்கிறது.

கேட்பவர் பாதி

நம் ஊர்ப் பாட்டிகளுக்கு இது நன்றாகவே தெரியும். கதை சொல்லும் முன்பே கட்டளை வந்துவிடும்: “ம் கொட்டணும், ஆமா. நீ ம் கொட்டலேன்னா நான் நிறுத்திருவேன்.”

என் ஆச்சி அப்படித்தான். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம். வாசல் திண்ணையில் பனையோலைப் பாய். தலைமாட்டில் விசிறி. ஆச்சி ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவாள். நாங்கள் “ம்” என்போம். அடுத்த வாக்கியம் வரும். நாலைந்து பேர் வரிசையாகப் படுத்திருப்போம். ஒவ்வொரு குரலாக அடங்கிக்கொண்டே வரும். கடைசியில் ஒரே ஒரு ‘ம்’ மட்டும் மிஞ்சும். அந்தப் பிள்ளைக்காக ஆச்சி கதையைத் தொடருவாள். அதுவும் தூங்கிவிட்டால் ராஜகுமாரன் காட்டிலேயே நிற்க வேண்டியதுதான். மறுநாள் இரவு, “எங்க விட்டேன்?” என்று ஆச்சி கேட்பாள். கடைசியாகத் தூங்கியவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதவிக்காகவே கண்ணைக் கசக்கிக்கொண்டு விழித்திருந்த இரவுகள் உண்டு.

‘ம்’ தயங்கினால் கதை வேகம் பிடிக்கும். பயத்தில் ‘ம்’ கம்மினால் பூதம் கொஞ்சம் சாதுவாகும். “ம்ம்?” என்று கேள்வியாக நீண்டால் ஒரு விளக்கம் கூடுதலாக வரும். ஒரே கதையை ஆச்சி ஒருபோதும் ஒரே மாதிரி சொன்னதில்லை. சொல்ல முடிந்திருக்காது. எதிரே படுத்திருப்பவர்கள் அன்றைக்கு அன்றைக்கு வேறு பிள்ளைகளாக இருந்தார்கள்.

முயல் வந்த கடிதம்

1893 செப்டம்பர் 4. ஸ்காட்லாந்தில் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போயிருந்த பியாட்ரிக்ஸ் பாட்டர் என்ற 27 வயதுப் பெண், லண்டனில் இருந்த 5 வயது நோயல் மூருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார். நோயல் அவருடைய முன்னாள் ஆசிரியை ஆனி மூரின் மகன். உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தான். படுத்திருக்கும் 5 வயதுப் பையனுக்கு என்ன சேதி எழுதுவது? எழுத ஒன்றும் தோன்றாததால் நான்கு குட்டி முயல்களின் கதையைச் சொல்கிறேன் என்று தொடங்கி, வரிகளுக்கு நடுவே கோட்டோவியங்களாக முயல்களை ஓடவிட்டார். மறுநாள் நோயலின் தம்பி எரிக்குக்கு இன்னொரு கடிதம். அதில் ஒரு தவளை.

வருஷங்கள் போயின. அந்தக் கடிதங்களைப் புத்தகமாக்கலாமே என்ற யோசனை ஆனி மூரிடமிருந்து வந்தது. அதற்குக் கடிதம் வேண்டுமே! 1900 வாக்கில் பாட்டர் நோயலிடம் கேட்டார். பையன் அதைப் பத்திரமாக வைத்திருந்தான். இரவல் வாங்கி, நகல் எடுத்து, கதையை விரித்து எழுதினார். பதிப்பகங்கள் மறுத்தன. 1901 டிசம்பரில் சொந்தக் காசில் 250 பிரதிகள் அச்சிட்டார். 1902இல் ஃபிரடெரிக் வார்ன் நிறுவனம் வண்ணப் படங்களோடு வெளியிட்டது. அதுதான் ‘பீட்டர் ராபிட்’. புத்தகம் சின்னக் கைகளுக்குள் அடங்கும் அளவில்தான் இருக்க வேண்டும் என்று பாட்டர் பிடிவாதமாக இருந்தார். யார் கையில் போய்ச் சேர வேண்டும் என்பது அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது.

7 வருஷம் ஒரு காகிதத்தைத் தொலைக்காமல் வைத்திருந்த பையனை நினைத்துப் பார்க்கிறேன். பிள்ளைகள் எதை வைத்துக்கொள்வார்கள், எதைத் தூக்கிப் போடுவார்கள் என்று நம்மால் ஊகிக்கவே முடியாது. கடைப் பொம்மை ஒரு வாரம் தாங்காது. தன் பெயருக்கு வந்த ஒரு தாளைப் பிள்ளை பல வருஷம் பொத்தி வைத்திருக்கும்.

கதவு நீலமா, பச்சையா?

ஆக்ஸ்ஃபர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த பேராசிரியர் டோல்கீனுக்கு நான்கு பிள்ளைகள். 1925 கோடையில் குடும்பத்தோடு ஃபைலி கடற்கரைக்குப் போனபோது, இரண்டாவது மகன் மைக்கேல் தன் பொம்மை நாயைக் கடற்கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே தொலைத்துவிட்டான். ஈயத்தில் செய்த சின்ன நாய். சாப்பிடும்போதும் கையை விட்டுப் போகாத பொம்மை. அப்பாவும் அண்ணனும் தேடித் தேடிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. அழுகையை நிறுத்த அப்பா ஒரு கதை கட்டினார். அது நிஜ நாய்தான், ஒரு மந்திரவாதியின் கோபத்தால் பொம்மையாகிவிட்டது, இப்போது நிலாவுக்கும் கடலடிக்கும் பயணம் போயிருக்கிறது என்று. பிள்ளையை ஆற்றச் சொன்ன அந்தக் கதை, டோல்கீன் இறந்து 25 வருஷங்கள் கழித்து 1998இல் ‘ரோவரண்டம்’ என்ற நூலாக வந்தது.

கிறிஸ்துமஸ் வந்தால் இன்னொரு வேலை. 1920இல் மூத்த மகனுக்கு 3 வயதானபோது, கிறிஸ்துமஸ் தாத்தா எழுதுவதுபோல ஒரு கடிதம் எழுதினார். நடுங்கும் கிழட்டுக் கையெழுத்து, தானே வரைந்த வடதுருவ அஞ்சல்தலை, வண்ணப் படங்கள். 20 வருஷங்களுக்கு மேலாக ஒவ்வொரு ஆண்டும் அந்தக் கடிதம் வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் வளர வளரக் கதையும் வளர்ந்தது. துருவக் கரடி வந்தது, பூதங்களோடு சண்டை வந்தது.

இதே வீட்டில்தான் ‘ஹாபிட்’ கதையும் இரவு நேரங்களில் வாசிக்கப்பட்டது. மைக்கேலுக்குச் சிலந்தி என்றால் ஆகாது. அதனாலேயே காட்டில் ராட்சதச் சிலந்திகளை விட்டதாக டோல்கீன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மூன்றாவது மகன் கிறிஸ்டோபர் வேறு ரகம். 4, 5 வயது இருக்கும். அப்பா படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் மறித்தான்: போன தடவை பில்போ வீட்டு வாசற்கதவு நீலம் என்றீர்கள், தோரினின் தொப்பிக் குஞ்சம் தங்க நிறம் என்றீர்கள். இப்போது கதவு பச்சை, குஞ்சம் வெள்ளி என்கிறீர்களே! அப்பா வாய்க்குள் முணுமுணுத்தபடி எழுந்துபோய் மேசையில் குறித்துக்கொண்டார். 1937இல் புத்தகம் வெளியானபோது கதவு பச்சை. குஞ்சம் வெள்ளி.

அந்தப் பையன் திருத்துவதை நிறுத்தவே இல்லை. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நூலுக்கு வரைபடங்கள் வரைந்து கொடுத்தது அவன்தான். 1973இல் தந்தை மறைந்த பிறகு, ஆயிரக்கணக்கான கையெழுத்துத் தாள்களை வரிசைப்படுத்தி, 1977இல் ‘சில்மரில்லியன்’ நூலைப் பதிப்பித்தார் கிறிஸ்டோபர் டோல்கீன். பிறகு அந்தக் கற்பனை உலகின் வரலாற்றை 12 தொகுதிகளாகக் கொண்டுவந்தார். 2020இல் 95 வயதில் இறக்கும்வரை அந்த வேலை அவரை விடவில்லை. நீலமா பச்சையா என்று கேட்ட பிள்ளையை “சும்மா இரு, படிக்கும்போது குறுக்கே பேசாதே” என்று அந்த அப்பா அதட்டியிருக்கலாம். பெரும்பாலான வீடுகளில் நடப்பது அதுதான். அவர் எழுந்துபோய்க் குறித்துக்கொண்டார். மகனுக்கு அன்று கிடைத்தது எவ்வளவு பெரிய மரியாதை! தன் காதும் நினைவும் இந்தக் கதைக்குத் தேவை என்று 5 வயதில் தெரிந்துகொண்டான்.

ஜன்னலும் காரும்

இந்தக் கதைகள் பிறந்த நேரங்களையும் இடங்களையும் பாருங்கள். எழுதுவதற்கென்று ஒதுக்கிய ஓய்வு நேரம் எதுவும் இல்லை. காய்ச்சல், விடுமுறை, தூக்கம் வராத இரவு, நீண்ட பயணம். எல்லாக் குடும்பங்களுக்கும் வாய்ப்பவைதான்.

இங்கிலாந்தில் அரசு அலுவலராக இருந்த ரிச்சர்ட் ஆடம்ஸ் தன் இரு மகள்களையும் காரில் நாடகம் பார்க்க அழைத்துப் போனார். நீண்ட பயணம். பிள்ளைகளுக்கு அலுக்கக் கூடாதே என்று வண்டி ஓட்டிக்கொண்டே முயல் கூட்டம் ஒன்றின் கதையைச் சொல்லத் தொடங்கினார். கதை பிறகு பள்ளிக்கூடப் பயணங்களிலும் தொடர்ந்தது. எழுதியே ஆக வேண்டும் என்று மகள்கள் நச்சரித்தார்கள். எழுதினார். பல இடங்களில் மறுக்கப்பட்ட பிறகு 1972இல் ஒரு சிறிய பதிப்பகம் அதைத் துணிந்து வெளியிட்டது. ‘வாட்டர்ஷிப் டவுன்’ லட்சக்கணக்கில் விற்றது. அப்போது அவருக்கு 50 வயது தாண்டியிருந்தது. அதற்கு முன் அவர் நாவல் எதுவும் வெளியிட்டதில்லை.

ரோல்ட் டால் தன் மகள்களுக்கு ஒரு நல்ல ராட்சதனின் கதையைச் சொல்லி வந்தார். இரவில் ஜன்னல் வழியாகக் குழல் நீட்டிக் குழந்தைகளின் அறைக்குள் நல்ல கனவுகளை ஊதிவிட்டுப் போகிறவன் அவன். மகள்கள் தூங்கப் போன பிறகு, டால் வெளியே ஏணி வைத்து ஏறி, மூங்கில் குழலை அவர்கள் ஜன்னலுக்குள் நீட்டி ஊதுவாராம். மூத்த மகள் ஒலிவியா 1962இல் தட்டம்மை மூளையைத் தாக்கியதால் 7 வயதில் இறந்தாள். 20 வருஷம் கழித்து, 1982இல், அந்த ராட்சதனின் கதை ‘தி பிஎஃப்ஜி’ என்ற நூலானபோது அதை ஒலிவியாவுக்கே சமர்ப்பித்தார். அந்தப் பிள்ளை இல்லை. அவள் பெயர் தாங்கிய கதை இருந்தது. அதை உலகத்துப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டார் அந்தத் தகப்பன்.

பூட்டியும் பாட்டியும்

நம் பக்கம் வருவோம். கி.ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ 1976இல் வந்தது. தெலுங்கு பேசும் மக்கள் தெற்கே இடம்பெயர்ந்து கரிசல் மண்ணில் ஊர் கண்ட வரலாறு. அந்த வரலாற்றைக் கி.ரா. வரலாற்று ஆசிரியர் வாயால் சொல்லவைக்கவில்லை. நூறு வயதைத் தாண்டிய பூட்டி மங்கத்தாயாரு அம்மாளைச் சொல்லவைத்தார். ஊர்விட்டு ஊர் வந்த கதையை அந்தப் பூட்டி சொல்லச் சொல்ல, சுற்றி உட்கார்ந்து வீட்டார் கேட்கிறார்கள். தமிழ் நாவலில் புதுப் பாதை போட்ட அந்தக் குரல், கரிசல் வீடுகளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்ட குரல். இதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு 1991இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பள்ளிக்கூடப் படிப்பு அதிகமில்லாத கி.ரா.வைப் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. வாய்வழிக் கதைகளைத் திரட்டித் தொகுக்கும் பணியை முதுமையிலும் அவர் விடவில்லை.

ஆர்.கே.நாராயண் சென்னை புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். எழுத்தும் வாய்ப்பாடும் சுலோகமும் பாட்டிதான் சொல்லிக்கொடுத்தார். எழுதத் தொடங்க நல்ல நாள் பார்த்துக் கொடுத்ததும் பாட்டிதான். அப்படிக் குறித்த நாளில் வாங்கிய நோட்டுப்புத்தகத்தில் முதல் வரி எழுதியபோதுதான் மால்குடி என்ற ஊர் உருவானதாக அவர் தன்வரலாற்றில் சொல்கிறார். 80 வயதைக் கடந்த பிறகு ‘தி கிராண்ட்மதர்ஸ் டேல்’ எழுதினார். ஓடிப்போன கணவனைத் தேடிப் புனேவரை போய் அழைத்து வந்த தன் தாயைப் பற்றிப் பாட்டி சொன்ன கதை அது. சிறுவயதில் காதில் விழுந்தது, கிழவயதில் கைக்கு வந்தது.

மைசூரில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஏ.கே.ராமானுஜன். குறுந்தொகையை ஆங்கில வாசகருக்குக் கொண்டுபோன அதே மனிதர்தான், பிள்ளைகளுக்குச் சோறூட்டும்போது பாட்டிகளும் அத்தைகளும் சொல்லும் அடுக்களைக் கதைகளையும் அதே மதிப்போடு சேகரித்தார். 1991இல் அவர் தொகுத்த இந்திய நாட்டுப்புறக் கதைகளில் தமிழ்க் கதை ஒன்று உண்டு. ஒரு விதவைத் தாய். இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். நால்வரும் அவளைப் படுத்துகிறார்கள். துயரத்தைச் சொல்லி அழ ஆளில்லை. சொல்லாத துயரமெல்லாம் உள்ளேயே தங்கி அவள் உடம்பு பெருத்துக்கொண்டே போகிறது. அதற்கும் வீட்டில் கேலி. ஒருநாள் கால்போன போக்கில் நடந்து, கூரையில்லாத பாழடைந்த வீடொன்றுக்குள் போகிறாள். ஒரு சுவரைப் பார்த்து மூத்த மகன் செய்ததைச் சொல்கிறாள். சுவர் இடிந்து விழுகிறது. அவள் உடம்பு கொஞ்சம் இலேசாகிறது. அடுத்த சுவரிடம் மருமகள் கதை. இப்படியே நான்கு சுவரும் விழுகின்றன. பாரம் இறங்கி அவள் வீட்டுக்கு நடக்கிறாள்.

கேட்க யாருமில்லாவிட்டால் கதை உள்ளேயே கனக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அப்படிச் சொல்லாத கதைகளோடு ஒருவராவது இருக்கிறார். பெரும்பாலும் அவர் பாட்டிதான்.

காக்காய்க்கு ஒரு வடை

மதுரையில் என் தங்கை வீடு. மச்சான் கடையை மூடிவிட்டு வர இரவு ஒன்பதரை ஆகும். மருமகனுக்கு 6 வயது. அப்பா வந்து கதை சொன்னால்தான் தூங்குவான். அவருக்குத் தெரிந்தது ஒரே கதை: பாட்டி வடை சுட்ட கதை. அதைத்தான் தினமும் சொன்னார்.

ஒருநாள் பையன் மறித்தான். “அப்பா, அந்தப் பாட்டி எத்தன வடை சுட்டாங்க?”

“இருபது இருக்கும்.”

“இருபதுல ஒண்ணக் காக்காவுக்குக் குடுத்தா என்ன?”

மச்சான் வியாபாரி. யோசித்தார். ஒன்றைச் சும்மா கொடுத்தால் கட்டுப்படியாகாது, அது ஏதாவது வேலை பார்க்கட்டும் என்றார். என்ன வேலை பார்க்கலாம் என்று இருவரும் பேசினார்கள். அன்றிலிருந்து காக்காய் பாட்டியிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டது. தெப்பக்குளம் பக்கத்து வீடுகளுக்கு வடைப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும். சம்பளம் நாளுக்கு ஒரு வடை, ஞாயிற்றுக்கிழமை இரண்டு. நரி எதிரே கடை போட்டது. மழைக்காலத்தில் விறகு நனைந்து வியாபாரம் படுத்தது. பாட்டிக்குக் காய்ச்சல் வந்தபோது காக்காயே ரசம் வைத்தது. நான் போயிருந்த இரவில், எண்ணெய் விலை ஏறியதால் வடையின் அளவைக் குறைக்கலாமா, விலையை ஏற்றலாமா என்று அப்பாவும் மகனும் பாயில் படுத்துத் தீவிரமாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அளவைக் குறைத்தால் பாட்டி பெயர் கெட்டுப்போகும் என்று பையன் தீர்ப்புச் சொன்னான்.

கல்வி, ஒழுக்கம், கணக்கு, கற்பனை எல்லாம் அந்தப் பாயில் இருந்தன. யாரும் பாடம் நடத்தவில்லை. பகலெல்லாம் வாடிக்கையாளர் முகத்தையே பார்த்துக் களைத்த மனிதர், மகனோடு சேர்ந்து இன்னொரு கடையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

மேடை வேண்டாம்

இதில் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. ஏ.ஏ.மில்ன் 1926இல் ‘வின்னி த பூ’ எழுதினார். மகனின் பொம்மைக் கரடியும் பன்றிக்குட்டியும் கழுதையும்தான் பாத்திரங்கள். கிறிஸ்டோபர் ராபின் என்ற மகனின் பெயரையும் அப்படியே வைத்தார். புத்தகம் உலகப் புகழ் பெற்றது. பையன் பள்ளி விடுதிக்குப் போனபோது அந்தப் புகழ் அவனைத் துரத்தியது. சக மாணவர்கள் அப்பா எழுதிய வரிகளைச் சொல்லிச் சொல்லிச் சீண்டினார்கள். தன் குழந்தைப் பருவம் தன்னிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது என்ற கசப்பு அவருக்குப் பல வருஷம் இருந்தது. 1974இல் எழுதிய தன்வரலாற்றில் அதையெல்லாம் திறந்து சொன்னார். எழுதி முடித்த பிறகே அந்தப் பாரம் குறைந்ததாகவும் சொன்னார்.

இன்றைக்கு இதை நாம் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். பிள்ளை மழலையில் ஏதாவது சொன்னவுடன் கைபேசியை நீட்டி, “இன்னொரு தடவை சொல்லு” என்கிறோம். பத்து நிமிடத்தில் அது முன்பின் தெரியாதவர்கள் திரையில் ஓடுகிறது. காரினுக்காகச் சொன்ன கதை 4 வருஷம் அந்த வீட்டிலும் தோழிகள் வட்டத்திலும் மட்டுமே இருந்தது. நோயலின் கடிதம் 7 வருஷம் அவன் பெட்டியில் இருந்தது. முதலில் அந்தப் பிள்ளைக்குச் சொந்தமாக இருந்து, பிறகுதான் ஊருக்குப் போயின. அந்த இடைவெளியில்தான் அவை வளர்ந்தன.

திரை காத்திருக்காது

சோறூட்டும்போது கைபேசியில் படம் ஓட்டுகிற அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அலுவலகம் விட்டு ஏழு மணிக்குப் பேருந்தில் நசுங்கி வந்து, சமைத்து, ஊட்டி, வீட்டுப்பாடம் பார்த்து முடிக்கும் பெண்ணுக்குக் கதை சொல்லத் தெம்பு எங்கிருந்து வரும்? கூட இருந்து சொல்ல வேண்டிய பாட்டி வேறு ஊரில். அப்பா வர இரவாகும். இந்த நிலைமையில் திரை உதவிக்கு வருகிறது. திரையில் வரும் கதைகளிலும் நல்லவை உண்டு.

ஆனாலும் அதனால் முடியாதது ஒன்று உண்டு. பிள்ளை ‘ம்’ என்று சொல்லக் காத்திருக்க அதனால் ஆகாது. பயந்த பிள்ளைக்காகப் பூதத்தைச் சாதுவாக்காது. கதவின் நிறத்தைத் திருத்திக்கொள்ளாது. காக்காய்க்கு வேலை கொடுக்கலாமா என்று கேட்காது. கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கும், கதையில் கைவைக்க முடிந்த பிள்ளைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முதல் பிள்ளை ரசிகராக வளரும். இரண்டாவது பிள்ளைக்கு, உலகில் இருக்கும் எதுவும் வேறு மாதிரியும் இருக்கலாம் என்பது தெரிந்துவிடும். கலைக்கும் அறிவியலுக்கும் நியாயத்துக்கும் அதுதான் முதல் படி.

கதை சொல்லப் பெரிய திறமை வேண்டாம். தெரிந்த ஒரு கதை போதும். அதில் உங்கள் தெருவையும், முக்குக் கடையையும், பிள்ளையின் பெயரையும் கொண்டுவாருங்கள். பத்து நிமிடம் போதும். சுவையான இடத்தில் நிறுத்தி மீதியை நாளைக்கு வையுங்கள். தாத்தாவோ பாட்டியோ வேறு ஊரில் இருந்தால், தொலைபேசியில் நலம் விசாரித்த பிறகு ஒரு கதையும் கேட்கச் சொல்லுங்கள். கேட்கப் பிள்ளை இருக்கிறது என்று தெரிந்தால், பல வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் அவர்களுக்கு நினைவுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நோட்டில் அந்த வாரக் கதையை நாலு வரி குறித்து வையுங்கள். பிள்ளை படம் வரையட்டும். லிண்ட்கிரென் கணுக்கால் பிசகிப் படுத்திருக்காவிட்டால் பிப்பி காற்றோடு போயிருப்பாள். நாம் விழுந்து அடிபடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நம் கதைகள் எல்லாம் புத்தகமாக வேண்டும் என்றில்லை. பெரும்பாலானவை அந்த வீட்டோடு நின்றுவிடும். தன் வார்த்தைக்காகப் பெரியவர் ஒருவர் கதையையே மாற்றினார் என்ற நினைவு மட்டும் பிள்ளையோடு கடைசிவரை போகும். பேசினால் மதிப்பிருக்கிறது என்று அது நம்பும், பிறர் பேசும்போது காது கொடுக்கவும் பழகியிருக்கும். இதைவிடப் பெரிய சொத்தை எழுதிவைக்க எந்தப் பெற்றோராலும் முடியாது. ஆகவே இன்றிரவு கதை கேட்டு யாராவது உங்கள் கையைப் பிடித்து இழுத்தால், தெரிந்த கதை ஒன்றைத் தொடங்குங்கள். நடுவில் பிள்ளை திருத்தினால், திருத்தத்தை ஏற்றுக்கொண்டு மேலே சொல்லுங்கள்.